முயல்குட்டிக்கு என்ன கொடுப்பது, எப்போது மாற்றுவது?

கடையிலோ சந்தையிலோ முயல்குட்டி வாங்கி வந்தவர்கள் பலரிடமும் ஒரே கதையைக் கேட்கலாம். "நல்லாத்தான் துள்ளிக்கிட்டு இருந்துச்சு. நாலாம் நாள் கழிச்சல் வந்துச்சு, மறுநாள் காலையில பார்த்தா போயிடுச்சு." இடம் மாறிய ஏக்கம், கண்ணேறு, குளிர் என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். பல நேரங்களில் காரணம் சாப்பாட்டுத் தட்டிலேயே இருக்கிறது. வீட்டுக்கு வந்த அன்றே கேரட், முட்டைக்கோஸ், வாழைப்பழம், பிஸ்கட் என்று ஆசையாக ஊட்டியிருப்பார்கள். குட்டியும் வாங்கி வாங்கித் தின்றிருக்கும். அதன் குடல்தான் அதற்குத் தயாராக இருந்திருக்காது.

ஏன் தயாராக இல்லை என்பது புரிந்துவிட்டால், எதை எப்போது கொடுக்கலாம் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதனால் குடலிலிருந்தே தொடங்குவோம்.

நம் வீடுகளில் வளரும் எல்லா முயல்களும், வெள்ளையோ சாம்பலோ காது தொங்குவதோ, ஐரோப்பிய முயல் என்ற ஒரே இனத்தின் வழி வந்தவை. அதன் பூர்வீகம் ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருக்கும் ஐபீரியத் தீபகற்பம். அங்கே அதற்குக் கிடைத்தது காய்ந்த, சத்துக் குறைந்த, நார் மிகுந்த புல். அதை நாளெல்லாம் மென்று உயிர் வாழ்வதற்காக அமைந்த உடம்பு இது. பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், புல்லை அரைத்து அரைத்துத்தான் அவை தேய வேண்டும். வயிறு எப்போதும் பாதிக்கு மேல் நிறைந்தே இருக்கும். முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது முன்னால்தான் நகர வேண்டும், அதை நகர்த்திக்கொண்டே இருப்பது நார்.

மாடு புல்லை வயிற்றிலேயே நொதிக்க வைக்கிறது. முயல் அந்த வேலையைக் கடைசியில் செய்கிறது. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் சீக்கம் என்று ஒரு பெரிய பை இருக்கிறது. முயலின் வயிற்றுக்குள் இருப்பதிலேயே பெரிய உறுப்பு அதுதான். அதற்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. பெருங்குடலின் தொடக்கத்தில் ஒரு பிரிப்பு நடக்கிறது. கரடுமுரடான நீள நார் நேராக வெளியே போய், நாம் பார்க்கும் உருண்டைப் புழுக்கையாக விழுகிறது. பொடியான துகள்களையும் திரவத்தையும் குடல் பின்னோக்கித் தள்ளி சீக்கத்துக்குள் அனுப்புகிறது. அங்கே நுண்ணுயிர்கள் அதை நொதிக்க வைத்துப் புரதமாகவும் பி வகை வைட்டமின்களாகவும் மாற்றுகின்றன. இந்த விளைச்சல் சின்னச் சின்னத் திராட்சைக் கொத்து போல, பளபளப்பாக, மெத்தென்று வெளியே வரும். முயல் குனிந்து நேராக ஆசனவாயிலிருந்தே வாயில் எடுத்து, மெல்லாமல் விழுங்கிவிடும். பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோ இது நடக்கும். முதல் முறை பார்ப்பவர்கள் பதறிப் போய்த் தடுப்பார்கள். தடுக்கவே கூடாது, அது அதற்கு ஒரு வேளைச் சாப்பாடு.

வீட்டில் தோசை மாவு கரைப்பவர்களுக்கு சீக்கத்தைப் புரிந்துகொள்வது சுலபம். அளவும் பதமும் சரியாக இருந்தால் மாவு ஒழுங்காகப் புளிக்கும். கண்டதைக் கலந்தால் வேறு கிருமி ஏறிக்கொண்டு, பொங்கி நாறிவிடும். சர்க்கரையும் மாவுச்சத்தும் அதிகமாகச் சீக்கத்துக்குள் இறங்கினால் அதேதான் நடக்கிறது. நல்ல நுண்ணுயிர்கள் பின்வாங்க, குளோஸ்ட்ரிடியம் வகைக் கிருமிகள் பெருகி நஞ்சு சுரக்கின்றன. வளர்ந்த முயல் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். பால் மறந்த குட்டியை ஒரே இரவில் கொன்றுவிடும்.

குட்டிக்கு மட்டும் ஏன் இவ்வளவு ஆபத்து? பிறந்த குட்டிக்குத் தாய் நாளுக்கு ஒரு முறைதான் பால் கொடுக்கும், அதுவும் சில நிமிடங்களுக்கு. கொழுப்பு மிகுந்த, கெட்டியான பால் அது. அந்தப் பாலிலிருந்து குட்டியின் வயிற்றில் உண்டாகும் சில கொழுப்பு அமிலங்கள் கிருமிகளை அடக்கி வைக்கின்றன. வளர்ந்த முயலின் வயிற்றில் இருக்கும் கடுமையான அமிலம் குட்டிக்கு இன்னும் வந்திருக்காது. கிருமிகளிடமிருந்து பால்தான் அதைக் காக்கிறது. பத்து நாள் போலக் கண் திறக்கும். மூன்றாவது வாரத்தில் புல்லைக் கொறிக்கத் தொடங்கும், தாயின் புழுக்கையையும் கடித்துப் பார்க்கும். தனக்கு வேண்டிய நுண்ணுயிர்கள் அப்படித்தான் அதன் குடலுக்குள் குடியேறுகின்றன. பால் படிப்படியாகக் குறைந்து, வயிற்றில் அமிலம் ஏறி, சீக்கம் முழுதாக வேலைக்கு வர ஏழு எட்டு வாரம் ஆகிவிடும்.

கடைகளில் என்ன நடக்கிறது? பஞ்சுப் பொதி மாதிரி இருக்கும்போதுதான் விலை போகும் என்பதால் நான்கு, ஐந்து வாரக் குட்டியையே தாயிடமிருந்து பிரித்துக் கூண்டில் வைத்துவிடுகிறார்கள். பாலின் பாதுகாப்பு போய்விட்டது, சொந்தப் பாதுகாப்பு இன்னும் வரவில்லை. அந்த இடைவெளியில்தான் நாம் அதை வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்பதும் வாங்குவதும் தவறு என்றே நான் நினைக்கிறேன். உள்ளங்கையில் அடங்குகிற குட்டியைப் பார்த்தால் மனம் இளகத்தான் செய்யும். இரண்டு மாதம் நிறைந்த குட்டிக்குக் காத்திருங்கள்.

சரி, குட்டி வீட்டுக்கு வந்துவிட்டது. முதல் வாரம் புதிதாக எதுவுமே கொடுக்க வேண்டாம். வாங்கும்போதே, இதுவரை என்ன தின்றது என்று விற்றவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெல்லட் (அரைத்து, சின்னக் குச்சி போல அழுத்திச் செய்த கடைத் தீவனம்) என்றால் அதே பெல்லட்டில் ஒரு கிலோ வாங்கி வாருங்கள். வெறும் கோஸ் இலையும் ஊறவைத்த கொண்டைக்கடலையும்தான் என்றால், அதைக்கூட ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. காய்ந்த புல்லை எப்போதும் பக்கத்தில் வைத்துவிட்டு, பழைய உணவை ஏழு முதல் பத்து நாளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பெல்லட் மாற்றுவதாக இருந்தாலும் இதே வேகம்தான். முதலில் முக்கால் பங்கு பழையது, கால் பங்கு புதியது. இரண்டு மூன்று நாள் கழித்துப் பாதிக்குப் பாதி. அப்புறம் கால் பங்கு பழையது. சீக்கத்தில் இருக்கும் நுண்ணுயிர்க் கூட்டம் புது உணவுக்கு ஏற்ப மாறுவதற்கு அவ்வளவு நாள் எடுக்கிறது. நாம் தீனி போடுவது முயலுக்கு என்று நினைக்கிறோம், உண்மையில் அந்தக் கூட்டத்துக்குத்தான் போடுகிறோம்.

முயல் தின்பதில் எண்பது சதவீதத்துக்கு மேல் புல்லாக இருக்க வேண்டும். குட்டிக்கும் சரி, பெரியதுக்கும் சரி, புல் இருபத்து நான்கு மணி நேரமும் எதிரில் இருக்க வேண்டும். திமோத்தி என்ற குளிர்நாட்டுப் புல் பாக்கெட்டில் வருகிறது. நல்லதுதான், ஆனால் விலை எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. நம்மிடம் அருகம்புல் இருக்கிறது. அமெரிக்காவில் பெர்முடா புல் என்ற பெயரில் முயலுக்கும் குதிரைக்கும் காயவைத்துப் போடுவது இதே அருகம்புல்தான். கொழுக்கட்டைப் புல், கினியாப் புல்லையும் காயவைத்துக் கொடுக்கலாம். நிழலில், காற்றோட்டமான இடத்தில் மெல்லிசாகப் பரப்பி, தினமும் கிளறி விட்டால் சில நாளில் காய்ந்துவிடும். நல்ல காய்ந்த புல் இன்னும் லேசான பச்சையோடு இருக்கும், முகர்ந்தால் மணக்கும், கையில் முறித்தால் ஒடியும். மண் வாடையோ ஈர வாடையோ அடித்தாலும், உதறும்போது வெள்ளையாகத் தூசி பறந்தாலும் பூஞ்சை பிடித்துவிட்டது என்று அர்த்தம். யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதைத் தினமும் பார்க்க வேண்டியிருக்கும். சாலையோரத்துப் புல்லும் மருந்து அடித்த வரப்புப் புல்லும் வேண்டாம்.

வைக்கோல் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். படுக்கைக்குப் போடலாம், கொறித்தாலும் கெடுதல் இல்லை. ஆனால் சத்து மிகக் குறைவு. வளரும் குட்டியை வைக்கோலை நம்பி விட முடியாது.

குதிரை மசால், வேலி மசால், முயல் மசால் போன்றவை பயறுவகைத் தீவனங்கள். புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம். எலும்பும் தசையும் வளரும் பருவத்துக்கு அது உதவும். அதனால் முதல் ஆறு மாதம் வரை, காய்ந்த குதிரை மசாலைச் சாதாரணப் புல்லோடு கலந்து கொடுக்கலாம். ஆறு ஏழு மாதத்துக்குப் பிறகு அதைக் குறைத்துக்கொண்டே வந்து, ஒரு வயதுக்குள் முழுக்கப் புல்லுக்கு மாற்றிவிட வேண்டும். காரணம் இருக்கிறது. தின்ற சுண்ணாம்புச் சத்தில் தேவைக்கு மேற்பட்டதை நம் குடல் உள்ளே விடுவதில்லை. முயலின் குடல் கிட்டத்தட்ட அத்தனையையும் இழுத்துக்கொண்டு, மிச்சத்தைச் சிறுநீர் வழியாகத் தள்ளுகிறது. முயலின் சிறுநீர் காய்ந்த இடத்தில் வெள்ளையாகப் படிவது அதனால்தான். அளவு மீறினால் சிறுநீர்ப்பையில் சேறு போலத் தேங்கி, கல்லாகக்கூட மாறும். அகத்தியும் முருங்கையும் சத்தான இலைகள்தான், ஆனால் அவற்றையும் தினச் சாப்பாடாக்காமல் எப்போதாவது ஒரு கொத்து கொடுப்பதே நல்லது.

பெல்லட்டில் பார்க்க வேண்டியது நார்ச்சத்து. பையின் பின்பக்கம் குறைந்தது 18 சதவீதம் என்று இருக்க வேண்டும். வண்ண வண்ணத் துண்டுகளும் விதைகளும் கலந்த மிக்ஸ் வேண்டாம். முயல் இனிப்பானதைப் பொறுக்கித் தின்றுவிட்டு நாரை ஒதுக்கிவிடும். மூன்று நான்கு மாதம் வரை பெல்லட்டைத் தாராளமாகவே கொடுக்கலாம், வளர்ச்சிக்குத் தேவை. ஆனால் பெல்லட்டால் வயிற்றை நிரப்பிக்கொண்டு புல்லைத் திரும்பிப் பார்க்காத குட்டிக்கு உடனே அளவைக் கட்டுங்கள். வளர்ந்த முயலுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராம் என்பது மேல் வரம்பு. கோழித் தீவனத்தையும் மாட்டுத் தீவனத்தையும் அவசரத்துக்குக்கூடப் போடாதீர்கள். மாவுச்சத்து அதிகம் என்பது ஒரு பக்கம். கோழித் தீவனத்தில் சேர்க்கும் சில மருந்துகள் முயலுக்கு நேரடி விஷம்.

அடுத்தது கீரை. எல்லோரும் அவசரப்படும் இடம் இதுதான். 1988-இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட ஹவுஸ் ராபிட் சொசைட்டி என்ற முயல் நல அமைப்பு, பன்னிரண்டு வாரம் ஆனபிறகு ஒவ்வொன்றாக, மிகக் கொஞ்சமாகத் தொடங்கச் சொல்கிறது. தாயோடு இருக்கும்போதே கீரை தின்று பழகிய குட்டிக்கு முன்னதாகவே தொடரலாம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கடையில் வாங்கிய குட்டி முன்பு என்ன தின்றது என்பது நமக்கு உறுதியாகத் தெரியாது. அதனால் மூன்று மாதம் வரை பொறுப்பதே பாதுகாப்பு என்பேன்.

தொடங்கும் விதம் இப்படி. கொத்தமல்லித் தழையில் இரண்டு காம்பு எடுத்து, கழுவி, நீரை உதறிவிட்டு, காலையில் கொடுங்கள். காலையில் கொடுத்தால் பகல் முழுக்கக் கண்காணிக்க முடியும். அன்றும் மறுநாளும் புழுக்கையைப் பாருங்கள். வழக்கம்போல இருந்தால் மூன்று நாள் அதே கொத்தமல்லி, அளவை மட்டும் சற்றுக் கூட்டி. அப்புறம்தான் அடுத்த இலை. புதினா, முள்ளங்கி இலை, கேரட்டின் தழை, துளசி என்று ஒவ்வொன்றாகப் போகலாம். ஒரே நாளில் இரண்டு புதிய இலைகளைக் கொடுத்துவிட்டால், வயிறு கெட்டால் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது. புழுக்கை இளகினால் அந்த இலையை நிறுத்தி, ஓரிரு நாள் வெறும் புல்லுக்குத் திரும்பிவிடுங்கள். பாலக், தண்டுக்கீரை போன்றவற்றில் ஆக்சாலிக் அமிலம் இருப்பதால் தினமும் வேண்டாம். கோஸும் காலிஃபிளவரும் சில முயல்களுக்கு வாயுவைக் கிளப்பும், குட்டிக்கு வேண்டவே வேண்டாம்.

ஈரக்கீரை போட்டால் கழியும் என்று ஒரு நம்பிக்கை பரவலாக உண்டு. புதிதாகக் கழுவிய இலையில் இருக்கும் நீர் ஒன்றும் செய்யாது. கட்டோடு பையில் கிடந்து, உள்ளே சூடேறி, வழவழப்பாகிவிட்ட கீரைதான் ஆபத்து. பூச்சிமருந்தை நினைத்தால் கழுவாமல் கொடுப்பது அதைவிட மோசம்.

கேரட் கிழங்கு முயலுக்கு மிட்டாய். சர்க்கரை அதிகம். வளர்ந்த பிறகு, விரல் நுனி அளவு ஒரு துண்டு, வாரத்தில் ஒன்றிரண்டு நாள் போதும். ஆப்பிளும் வாழைப்பழமும் அப்படியே. ஆறு மாதம் வரை இவை எதுவுமே இல்லாவிட்டாலும் குட்டி எதையும் இழக்காது. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, அவகாடோ, சாக்லேட் எந்த வயதிலும் கூடாது. சோறு, இட்லி, ரொட்டி, பொட்டுக்கடலை, பால், தயிர் இவையும் கூடாது. வீட்டில் பெரியவர்கள் வாஞ்சையோடு ஒரு பிஸ்கட்டை நீட்டத்தான் செய்வார்கள். அவர்களிடம் ஒரு கொத்து அருகம்புல்லைக் கொடுத்து, "இதை நீங்களே ஊட்டுங்க பாட்டி" என்று சொல்லிவிட்டால் இருவருக்கும் மகிழ்ச்சி.

தண்ணீரைப் பெரும்பாலானோர் கணக்கில் எடுப்பதில்லை. நார் நகர நீர் வேண்டும். பாட்டில் குழாயில் சொட்டுச் சொட்டாக நக்குவதைவிட, கவிழாத கனமான மண் கிண்ணத்தில் முயல் அதிகம் குடிக்கும். முயலுக்கு ஏற்ற வெப்பம் 15 முதல் 20 டிகிரி. நீலகிரியில் சாண்டிநல்லாவிலும் கொடைக்கானல் பக்கம் மன்னவனூரிலும் முயல் ஆராய்ச்சி நடக்கும் அரசுப் பண்ணைகள் மலைக்குளிரில்தான் இருக்கின்றன. சமவெளியின் சித்திரை வெயில் அதற்குக் கடும் சோதனை. வெப்பம் ஏறினால் தீனி எடுக்காது, தீனி குறைந்தால் குடல் மந்தமாகிவிடும். உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். புல்லை மதியத்தில் கொட்டாமல், குளிர்ந்த அதிகாலையிலும் இரவிலும் புதிதாக வையுங்கள். உணவு மாற்றம் எதையும் கோடை உச்சத்தில் தொடங்க வேண்டாம்.

இவை எல்லாம் சரியாகப் போகிறதா என்று புழுக்கை சொல்லிவிடும். காலையில் கூண்டைச் சுத்தம் செய்யும்போது ஒன்றை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். நல்ல புழுக்கை உருண்டையாக, ஒன்றுக்கொன்று ஒரே அளவில் இருக்கும். உள்ளே வைக்கோல் பொடி போல நார் உதிரும், நாற்றம் இருக்காது. சிறுத்து, கறுத்து, கோணலாக வந்தால் புல் போதவில்லை, அல்லது குடல் மெதுவாகிறது. முடியில் கோத்த மணி போல ஒன்றோடொன்று தொங்கினால் முடி உதிரும் காலம், தினமும் சீவி விடுங்கள், புல்லும் நீரும் கூட வேண்டும். அந்தத் திராட்சைக் கொத்து தின்னப்படாமல் தரையில் மிதிபட்டுக் கிடந்தால், பெல்லட்டோ இனிப்போ அதிகமாகிவிட்டது என்று பொருள். இதைப் பார்த்துத்தான் பலர் கழிச்சல் என்று நினைத்துவிடுகிறார்கள். கூடவே உருண்டைப் புழுக்கையும் விழுந்துகொண்டிருந்தால் அது கழிச்சல் இல்லை. பெல்லட்டைக் குறைத்தாலே சரியாகிவிடும்.

உருண்டையே இல்லாமல், நீராக, பின்பக்கமெல்லாம் நனைந்து போனால் அதுதான் உண்மையான கழிச்சல். குட்டிக்கு அது வந்தால் மணிக்கணக்கில்தான் அவகாசம். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அதேபோல பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எதையும் தொடாமல், புழுக்கையும் போடாமல், மூலையில் குறுகி உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்தாலும் அவசரம்தான். வயிறு உப்பியிருக்கிறதா, காது சில்லிட்டிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். கிரைப் வாட்டர், ஓமத்தண்ணீர், தயிர் என்று வாயில் ஊற்றிப் பார்ப்பதில் நேரம்தான் போகும்.

உணவு எல்லாம் ஒழுங்காக இருந்தும் கழிந்தால் காக்சிடியா என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். ஒன்று முதல் நான்கு மாதக் குட்டிகளிடம், நெருக்கமான கூண்டிலிருந்து வந்தவற்றிடம் இது அதிகம். புழுக்கையை நுண்ணோக்கியில் பார்த்தாலே தெரிந்துவிடும், மருந்தும் இருக்கிறது. சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மற்ற ஊர்களில், முயல் பார்த்துப் பழகிய மருத்துவர் யார் என்பதைக் குட்டி நன்றாக இருக்கும்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். நாய்க்கும் பூனைக்கும் சாதாரணமாகக் கொடுக்கும் அமாக்சிசிலின், கிளிண்டாமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளை முயலுக்கு வாய்வழியாகக் கொடுத்தால், சீக்கத்தின் நல்ல கிருமிகள் அழிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். வீட்டில் மிச்சமிருக்கும் மருந்தை ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கக் கூடாது. மருத்துவர் எழுதித் தரும்போதும், இது முயலுக்கு வாய்வழி கொடுக்கலாமா என்று தயங்காமல் கேளுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது, அன்று விழுந்த புழுக்கையை ஒரு சுத்தமான டப்பாவில் எடுத்துக்கொண்டு போங்கள். கடந்த நான்கு ஐந்து நாளில் என்ன தின்றது, எதைப் புதிதாகத் தொடங்கினீர்கள் என்பதையும், வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் பார்த்து எழுதி வைத்த எடையையும் சொல்லுங்கள். வளர்ந்துகொண்டிருக்க வேண்டிய குட்டியின் எடை ஒரு வாரம் ஏறாமல் நின்றிருந்தால், கழிச்சல் தெரிவதற்கு முன்பே ஏதோ தொடங்கிவிட்டது என்பது அவருக்குப் புரிந்துவிடும்.